48,000 ரூபாய் குறைவு, 230 கிலோமீட்டர் தூரம்: டிராக்டரை எங்கே வாங்குவது?

கேள்வி: மன்னார்குடி பக்கம் 6 ஏக்கர் நஞ்சை வைத்திருக்கிறேன். பழைய 35 எச்.பி. டிராக்டரை விற்றுவிட்டேன். இப்போது 47 எச்.பி. வண்டி வாங்கப் போகிறேன். சொந்த உழவு போக, ரோட்டவேட்டர் போட்டு வெளியார் வயலிலும் சேறடிப்பேன். மணிக்கு 1,200 ரூபாய் வாடகை. 14 கி.மீ. தள்ளியிருக்கும் டீலர், பதிவு, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து 8,65,000 சொல்கிறார். அதே கம்பெனி, அதே மாடல் வண்டியைச் சேலம் பக்கத்து டீலர் பதிவு, இன்சூரன்ஸ் உட்பட 8,17,000க்குத் தருகிறேன் என்கிறார். 'சர்வீஸ் எந்த ஊரிலும் செய்துகொள்ளலாம், கம்பெனி ஒன்றுதானே' என்கிறார். இன்னும் 40,000 போட்டால் 52 எச்.பி. வண்டியே எடுக்கலாம் என்றும் சொல்கிறார். சேலத்து விலையில் பம்பர், ஹூக், டாப் லிங்க், மேல்கூடு கிடையாது. அவற்றுக்குத் தனியாக 11,000 ஆகும். ஏற்றிவர லாரிக்கு 14,000 கேட்கிறார்கள். கடன் 7 லட்சம் தேவை. குறுவைக்குள் வண்டி வந்தாக வேண்டும். எங்கே வாங்கலாம்?
– திருவாரூர் மாவட்ட வாசகர்

பதில்: உள்ளூர் டீலரின் ஒர்க்‌ஷாப் நன்றாக இருந்தால் அங்கேயே வாங்குங்கள். அது நன்றாக இருக்கிறதா என்று பார்க்க உங்களுக்கு அரை நாள் போதும். எப்படிப் பார்ப்பது என்று கீழே சொல்கிறேன். அதற்கு முன் கணக்கைச் சரியாகப் போட்டுவிடலாம். நீங்கள் எழுதியிருக்கும் 48,000 உண்மையான வித்தியாசம் இல்லை.

சேலத்து விலையோடு லாரி வாடகை 14,000, உதிரிகள் 11,000 சேர்த்தால் மிச்சம் 23,000. வண்டியைப் பார்க்க ஒரு முறை, எடுக்க ஒரு முறை என்று இருவர் போய்வரும் செலவையும், தற்காலிகப் பதிவு எடுத்து உங்கள் பகுதி ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு அலையும் செலவையும் கழித்தால் கையில் நிற்பது 20,000 அளவில்தான் இருக்கும். லாரிக் காசை மிச்சம் பிடிக்க ஓட்டியே வந்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். புது இன்ஜினை ஒரே வேகத்தில் எட்டு, ஒன்பது மணி நேரம் தார்ச்சாலையில் ஓட்டுவது அதற்குச் செய்யும் மிகக் கெட்ட காரியம். இன்ஜினுக்குள் உரசி ஓடும் ரிங்கும் லைனரும் ஒன்றோடொன்று படிய, சுமை ஏறி இறங்க வேண்டும். வயலுக்காகச் செய்த டயரின் கட்டைகளும் சாலைச் சூட்டில் வீணாகத் தேயும்.

அடுத்து இந்த 20,000 ரூபாயை நாள் கணக்கில் மாற்றிப் பாருங்கள். மணிக்கு 1,200 ரூபாய் வாடகையில் டீசலுக்கு 500 போகும். டிரைவர் கூலி, பிளேடு தேய்மானம், ஆயில் எல்லாம் சேர்த்து இன்னொரு 200. நிற்பது 500. சீசனில் நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் ஓடினால் 5,000 ரூபாய். அதாவது சேலத்தில் வாங்கிக் கிடைக்கும் லாபம், சீசனில் வண்டி நான்கு நாள் நின்றால் தீர்ந்துவிடும். மேட்டூரில் ஜூன் 12 வாக்கில் தண்ணீர் திறந்து உங்கள் வாய்க்காலுக்கு வந்துவிட்டால், ஊரே ஒரே பதினைந்து நாளில் சேறடிக்கப் பறக்கும். அந்தப் பதினைந்து நாளில் நிற்கும் நான்கு நாளும் மாசியில் நிற்கும் நான்கு நாளும் ஒன்றல்ல. வாடகைக்குச் சொல்லிவைத்தவர் வேறு வண்டியைக் கூப்பிட்டுக்கொள்வார், அடுத்த பருவத்திலும் அந்த வண்டியையே கூப்பிடுவார். இந்த இழப்பு எந்தக் கொட்டேஷனிலும் வராது.

இனி 'கம்பெனி ஒன்றுதானே' என்ற பேச்சுக்கு வருவோம். இதில் பாதி உண்மை இருக்கிறது. இலவச சர்வீஸ் கூப்பனைப் பொதுவாக அந்தக் கம்பெனியின் எந்த அங்கீகரிக்கப்பட்ட டீலரும் வாங்கிக்கொள்வார், வேலைக்கான தொகையைக் கம்பெனி அவருக்குக் கொடுத்துவிடும். வாரண்டி வேலையும் அப்படித்தான். இலவசம் என்பது கூலி மட்டும். ஆயில், ஃபில்டர் எல்லாம் பெரும்பாலும் உங்கள் காசு. ஆனால் யாருக்கு முதலில் ஆள் வருவார் என்ற வரிசை கூப்பனில் எழுதியிருக்காது. ஜூன் மாதக் கடைசியில் ஒரே நாளில் எட்டு அழைப்பு வந்தால், இருக்கிற இரண்டு மெக்கானிக்கையும் டீலர் தன்னிடம் வண்டி வாங்கியவர்களுக்குத்தான் முதலில் அனுப்புவார். அதைக் குற்றம் என்று சொல்ல முடியாது. விற்ற லாபத்தில் ஒரு பங்கை வைத்துத்தான் அவர் சீசனில் ஒர்க்‌ஷாப்பை நடத்துகிறார். உங்கள் வண்டியில் அவருக்கு அந்தப் பங்கு இல்லை. சட்டப்படி உங்களைத் திருப்பி அனுப்ப மாட்டார், 'நாளை மறுநாள் ஆள் வருவார்' என்பார்.

இன்னொன்று, பலரும் கவனிக்காதது. விற்ற டீலர் வண்டியின் சேசிஸ் எண், விற்ற தேதி, உங்கள் முகவரி ஆகியவற்றைக் கம்பெனியின் கணினியில் ஏற்றினால்தான் வாரண்டி தொடங்கும். தூரத்து டீலர் இதைத் தள்ளிப்போட்டாலோ, தன் ஊர் முகவரியையே போட்டுவிட்டாலோ, ஆறு மாதம் கழித்து உங்கள் ஊரில் ஒரு பழுதுக்குப் போகும்போதுதான் சிக்கல் தெரியும். வாரண்டி என்று சொல்லும் ஐந்தாண்டு, ஆறாண்டுகளையும் பிரித்துக் கேளுங்கள். முழு வண்டிக்கும் எத்தனை ஆண்டு, இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் மட்டும் எத்தனை ஆண்டு, எத்தனை மணி நேர ஓட்டம் வரை என்று. கிளட்ச் தட்டு, பெல்ட், ஃபில்டர், ரப்பர் சாமான்கள் தேய்மானப் பொருள் என்று கழிந்துவிடும். டயர், பேட்டரி, டீசல் பம்ப், ஸ்டார்ட்டர் மோட்டார் ஆகியவற்றுக்கு அந்தந்தச் சாமானைச் செய்த கம்பெனிதான் பொறுப்பு.

நீங்கள் வாங்கும் நேரத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. புது டிராக்டருக்கு முதல் சர்வீஸ் பொதுவாக 50 மணி ஓட்டத்தில் வரும். நாளுக்குப் பத்து மணி நேரம் சேறடித்தால் ஐந்தாம் நாள் மாலையில் 50 தொட்டுவிடும், அதாவது சீசனின் நட்ட நடுவில். அந்த சர்வீஸைத் தள்ளிப்போடக் கூடாது. புது இன்ஜின் படியும்போது உதிரும் இரும்புத் தூள் முழுக்க அந்த முதல் ஆயிலில்தான் இருக்கும். மாற்றாமல் ஓட்டினால் அது பேரிங்கைத் தின்னும். ஆயில், ஆயில் ஃபில்டர் மாற்றுவதோடு டேப்பட் இடைவெளி பார்ப்பது, தளர்ந்த போல்ட்டுகளை முறுக்குவது, கிளட்ச், பிரேக் பெடல் ஆட்டம் வைப்பது எல்லாம் அப்போதுதான் நடக்கும். 230 கி.மீ. தள்ளியிருப்பவர் இதற்கு ஆள் அனுப்ப மாட்டார். உள்ளூர்க்காரருக்கோ அது தலை தெறிக்கும் வாரம். ஆகவே எங்கே வாங்கினாலும் மே மாதத்திலேயே வண்டியை எடுத்துவிடுங்கள். கோடை உழவில் கல்டிவேட்டர் போட்டு மிதமான சுமையில் 50 மணியை ஓட்டி முடியுங்கள். முதல் 50 மணியில் நின்ற இடத்தில் வெகுநேரம் ஐடிலில் விடுவதும் வேண்டாம், ஆழமாக இறக்கி மூச்சுத்திணற இழுப்பதும் வேண்டாம்.

சேற்றுழவு வண்டியில் எது போகும், எதை நீங்களே சரிசெய்யலாம், எதற்கு ஒர்க்‌ஷாப் வேண்டும் என்று தெரிந்தால்தான் டீலர் பக்கத்தில் இருப்பதன் மதிப்பு புரியும். அதனால் இதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன்.

உங்கள் கையாலேயே முடிகிறவை பல. டீசலில் தண்ணீர் கலந்து வண்டி இழுவை குறைவது, ஏர் பிடித்து நின்றுவிடுவது இரண்டும் கேனில் டீசல் ஊற்றுகிறவர்களுக்கு அடிக்கடி வரும். தண்ணீர் பிரிக்கும் கிண்ணத்தைத் தினமும் காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் திறந்து வடித்துவிடுங்கள். ஏர் பிடித்தால் ஃபில்டர் தலையில் உள்ள திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்து, குமிழ் இல்லாமல் டீசல் வரும்வரை விட்டு முறுக்குங்கள். அப்புறமும் கிளம்பாவிட்டால் இன்ஜெக்டர் பைப் நட்டுகளைத் தளர்த்தி ஸ்டார்ட்டரைச் சுற்றினால் போதும். ரேடியேட்டர் வலையில் வைக்கோல் தூசு அடைத்தால் சூடு ஏறும். அதைப் பார்க்காமல் ஓட்டினால் ஹெட் கேஸ்கெட் போகும், பத்து ரூபாய் பிரஷ் செய்கிற வேலை பல ஆயிரத்தில் முடியும். ஃபேன் பெல்ட்டைக் கட்டை விரலால் அழுத்தினால் ஏறக்குறைய அரை அங்குலம் இறங்க வேண்டும். கேஜ் வீல் (சேற்றுழவுக்கு மாட்டும் இரும்புச் சக்கரம்) மாட்டிய அன்று ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டுச் சக்கர நட்டுகளை மறுபடி முறுக்குங்கள். அந்த ஒரு முறுக்கலை விட்டதால் ஸ்டட் ஒடிந்த வண்டிகள் டெல்டாவில் ஏராளம். முன் சக்கர ஹப்புக்குச் சீசனில் தினமும் கிரீஸ் அடியுங்கள், பழைய கிரீஸ் சேற்றுத் தண்ணீரோடு வெளியே தள்ளப்படும் வரை.

அடுத்த வகைக்கு ஒரு நல்ல தனி மெக்கானிக் போதும்: ஹப் ஆயில் சீல், வாட்டர் பம்ப், ஸ்டார்ட்டர், பிரேக் சரிசெய்தல். சீல் கிடைத்தால் ஒரு மணி நேர வேலை. கிடைக்காவிட்டால் வண்டி இரண்டு நாள் நிற்கும். இங்கே சிக்கல் மெக்கானிக்கால் வருவதில்லை, சாமானால் வருகிறது.

ஒர்க்‌ஷாப் இல்லாமல் முடியாதவை என்று பார்த்தால் கிளட்ச், ஹைட்ராலிக், கியர்பாக்ஸ் மூன்றும்தான். சேறடிப்பவருக்கு முதலில் வருவது கிளட்ச். வரப்பு ஏறும்போதும் மூலை திருப்பும்போதும் பாதி கிளட்சில் நிறுத்துவது, ஓட்டும்போது காலை பெடல்மேலேயே வைத்திருப்பது, பெடலில் ஆட்டம் இல்லாமல் விடுவது ஆகியவைதான் தட்டை எரிக்கும். பெடலில் ஏறக்குறைய ஒரு அங்குல ஆட்டம் இருக்க வேண்டும். சரியான அளவைக் கையேட்டில் பாருங்கள். தட்டு மாற்ற இன்ஜினையும் கியர்பாக்ஸையும் பிரித்தாக வேண்டும். அதற்கு ஸ்டாண்டு, தூக்கும் வசதி, பழகிய இரண்டு பேர், ஒரு முழு நாள் வேண்டும். டபுள் கிளட்ச் என்றால் ஃபிங்கர்களின் உயரத்தை அளந்து வைக்க வேண்டும். கண் அளவில் வைத்தால் பி.டி.ஓ. (ரோட்டவேட்டரைச் சுழற்றும் பின்பக்க ஷாஃப்ட்) நிற்காது அல்லது கியர் கரகரக்கும், மறுபடி பிரிக்க வேண்டிவரும். இதை மரத்தடியில் செய்துகொடுப்பவர்களும் இருக்கிறார்கள். சிலர் நன்றாகவே செய்வார்கள். வாரண்டி இருக்கும் காலத்தில் மட்டும் அவர்களிடம் போகாதீர்கள், போனால் இன்ஜின், கியர்பாக்ஸ் பற்றிய எந்த உரிமைக் கோரிக்கையும் நிற்காது.

ஹைட்ராலிக்கைப் பொறுத்தவரை ரோட்டவேட்டர் தூக்காவிட்டால் முதலில் ஆயில் அளவையும் ஃபில்டரையும் பாருங்கள், பாதி வழக்கு அங்கேயே முடியும். டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது. அன்றே வண்டியை நிறுத்துங்கள். பல மாடல்களில் கியர்பாக்ஸும் ஹைட்ராலிக்கும் ஒரே ஆயிலைத்தான் பயன்படுத்துகின்றன, 40 லிட்டருக்கு மேல் பிடிக்கும். 'சீசன் முடியட்டும்' என்று அந்த ஆயிலிலேயே ஓட்டினால் பம்பும் பேரிங்கும் சேர்ந்து போகும். எந்த சீல் வழியாகத் தண்ணீர் வந்தது என்று கண்டுபிடிக்காமல் ஆயிலை மட்டும் மாற்றினாலும் பயனில்லை.

இந்த மூன்று வேலைக்கும்தான் 14 கி.மீ.க்குள் ஒர்க்‌ஷாப் வேண்டும் என்கிறேன். மற்றதெல்லாம் சமாளிக்கக் கூடியதே.

52 எச்.பி. வண்டி விஷயத்தில் உங்களை நன்றாகவே எச்சரிக்க விரும்புகிறேன். ஐந்து எச்.பி. கூட என்பது மட்டும் அங்கே வித்தியாசம் இல்லை. 2023 ஜனவரி 1 முதல் 50 எச்.பி.க்கு மேற்பட்ட டிராக்டர்களுக்குப் புகை விதிகள் கடுமையாகிவிட்டன. அதனால் அவற்றில் காமன் ரயில் முறை வந்துவிட்டது. டீசல் எவ்வளவு, எப்போது பாய வேண்டும் என்பதைச் சென்சார்களைப் பார்த்து ஒரு கணினிப் பெட்டி முடிவு செய்கிறது. வண்டி நன்றாகவே இழுக்கும், டீசலையும் மிச்சம் பிடிக்கலாம். ஆனால் ஒரு சென்சார் போனாலோ, கொட்டகையில் எலி ஒரு ஒயரைக் கடித்தாலோ, இன்ஜின் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். என்ன கோளாறு என்று சொல்ல அந்தக் கம்பெனியின் லேப்டாப்பை மாட்டிப் பார்க்க வேண்டும். கைப்பம்பு அடித்தோ, டீசல் பம்ப் கடையில் கொடுத்தோ முடியாது. 47 எச்.பி. வண்டிகளில் பெரும்பாலும் பழைய மெக்கானிக்கல் பம்புதான். அதைத் திறந்து பார்க்க ஓரளவு பெரிய எல்லா ஊரிலும் கடை இருக்கிறது. 6 ஏக்கருக்கும் ஆறடி ரோட்டவேட்டருக்கும் 47 எச்.பி. தாராளம். 52 எடுத்தே தீருவேன் என்றால், லேப்டாப்பும் அதில் பயிற்சி பெற்ற மெக்கானிக்கும் இருக்கும் டீலரிடம் மட்டுமே எடுங்கள். அதைத் தூரத்தில் வாங்குவது தவறு.

இனி உள்ளூர் டீலரைச் சோதிக்கும் அரை நாள் வேலை. பெயர்ப்பலகை பக்கத்தில் இருக்கிறது என்பதாலேயே சர்வீஸ் பக்கத்தில் இருக்கிறது என்று ஆகாது. முதலில் அவர் டீலரா, சப்-டீலரா என்று கேளுங்கள். சப்-டீலர் என்றால் கண்ணாடி ஷோரூமும் இரண்டு வண்டியும்தான் இருக்கும். ஒர்க்‌ஷாப் நாற்பது கி.மீ. தள்ளி வேறு ஊரில் இருக்கும். அப்படியானால் 14 கி.மீ. என்ற உங்கள் கணக்கே மாறிவிடும்.

பிறகு ஷோரூமுக்குப் போகாமல் நேரே பின்பக்கம் ஒர்க்‌ஷாப்புக்குப் போங்கள். பிரித்துப் போட்ட வண்டி ஒன்றாவது நிற்கிறதா? நின்றால் எத்தனை நாளாக நிற்கிறது, எந்தச் சாமானுக்காகக் காத்திருக்கிறது என்று மெக்கானிக்கிடமே கேளுங்கள். மூன்று வாரமாகப் புழுதி படிந்து நிற்கும் வண்டி, விற்பனையாளர் சொல்லாத எல்லாவற்றையும் சொல்லிவிடும். மெக்கானிக் எத்தனை பேர், எத்தனை வருஷமாக இருக்கிறார்கள், வயலுக்கு வர பைக்கும் டூல் பெட்டியும் இருக்கிறதா என்று பாருங்கள். வருஷத்துக்கு நூறு வண்டி விற்று இரண்டு மெக்கானிக் வைத்திருக்கும் இடத்தைவிட, நாற்பது விற்று மூன்று பேர் வைத்திருக்கும் இடம் உங்களுக்கு நல்லது.

அடுத்து ஸ்பேர் கவுன்ட்டர். உங்கள் மாடலின் பெயரைச் சொல்லி ஆறு சாமான் கேளுங்கள்: கிளட்ச் தட்டு செட், முன் ஹப் ஆயில் சீல், டீசல் ஃபில்டர் ஜோடி, ஃபேன் பெல்ட், வாட்டர் பம்ப், ஹைட்ராலிக் பம்ப் சீல் கிட். 'இருக்கிறது' என்ற வாய்ச்சொல்லை எடுத்துக்கொள்ளாதீர்கள், எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். ஆறில் நான்கு கைக்கு வந்தால் நல்ல கடை. இரண்டு கூட வரவில்லை என்றால் அங்கே வாங்குவதும் சேலத்தில் வாங்குவதும் ஏறக்குறைய ஒன்றுதான்.

கடைசியாக, சென்ற ஆண்டு அதே டீலரிடம் அதே மாடல் எடுத்த நான்கைந்து பேரை நீங்களே தேடிப் பிடியுங்கள். டீலர் கொடுக்கும் பட்டியல் வேண்டாம். 'வண்டி எப்படி' என்று கேட்டால் எல்லாரும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள், ஏனென்றால் அவர்கள் காசு போட்டது. 'சீசனில் நின்றதா, போன் போட்ட எத்தனை மணி நேரத்தில் ஆள் வந்தார், சாமான் எத்தனை நாளில் வந்தது' என்று மட்டும் கேளுங்கள்.

சேலத்துக்காரரால் எப்படிக் குறைவாகத் தர முடிகிறது என்பதும் தெரிய வேண்டும். விற்பனை இலக்கை எட்ட ஓரிரு வண்டியை லாபமில்லாமல் தள்ளுவது உண்டு. அது உங்களுக்கு நல்லதே. ஆனால் பழைய இருப்பாகவும் இருக்கலாம். தயாரித்த மாதமும் ஆண்டும் விற்பனைச் சான்றான 21ஆம் படிவத்தில் வரும், ஆர்.சி.யிலும் ஏறும். நாளை நீங்கள் விற்கும்போது வாங்குகிறவர் பார்ப்பது அந்த ஆண்டைத்தான். டயரின் பக்கவாட்டிலும் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 3224 என்றால் 2024ஆம் ஆண்டின் 32ஆவது வாரத்தில் செய்தது. ஹவர் மீட்டரில் பத்து மணிக்கு மேல் ஓடியிருந்தால் டெமோ காட்டிய வண்டியா என்று கேளுங்கள். தயாரித்து ஒரு வருஷம் ஆன வண்டிக்கு 48,000 தள்ளுபடி பெரிய சலுகை ஆகாது. இரண்டு கொட்டேஷனிலும் ஜி.எஸ்.டி. எத்தனை விழுக்காடு போட்டிருக்கிறது என்றும் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கு 12லிருந்து 5 விழுக்காடாகக் குறைந்துவிட்டது. பழைய இருப்பு என்றாலும் இப்போது விற்றால் 5தான்.

கடனைப் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் இந்தப் பேரத்தில் மிகப் பெரிய தொகை அதில்தான் இருக்கிறது. 7 லட்சத்தை ஐந்தாண்டில் மாதத் தவணையாகக் கட்டினால், 10 விழுக்காட்டில் வட்டி மொத்தம் ஏறக்குறைய 1,92,000 ஆகும். 14 விழுக்காட்டில் 2,77,000. வித்தியாசம் 85,000. இரண்டு டீலர்களுக்கும் இடையே உண்மையில் நிற்கும் 20,000 வித்தியாசத்தைப்போல நான்கு மடங்குக்கு மேல். 'எட்டே விழுக்காடு, ஃபிளாட்' என்று யாராவது சொன்னால், கட்டிய அசலைக் கழிக்காமல் முழு 7 லட்சத்துக்கும் ஐந்தாண்டும் வட்டி போடுகிறார் என்று பொருள். அது 2,80,000 ஆகும். அதாவது குறைந்துவரும் அசலில் 14 விழுக்காட்டுக்குச் சமம். அறுவடைக்கு ஒருமுறை கட்டும் அரையாண்டுத் தவணையில் தொகை கொஞ்சம் மாறும், விகிதம் மாறாது. டீலர் கைகாட்டும் நிதி நிறுவனத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் உங்கள் கணக்கு இருக்கும் வங்கியிலும் கூட்டுறவு வங்கியிலும் கேட்டுவிடுங்கள். கடனோடு சேர்த்துப் பிடிக்கும் ஆவணக் கட்டணம், காப்பீடு எல்லாவற்றையும் எழுதி வாங்குங்கள்.

உள்ளூர்க்காரர் சோதனையில் தேறினால் சேலத்துக் கொட்டேஷனை எடுத்துக்கொண்டு அவரிடம் போங்கள். 48,000 குறை என்று கேட்காதீர்கள். முடியாது என்பார், பேச்சு அங்கேயே நின்றுவிடும். உங்கள் உண்மையான வித்தியாசம் 20,000தான் என்று உங்களுக்குத் தெரியும். 10,000 ரொக்கமாகக் குறைக்கச் சொல்லுங்கள். மீதிக்குப் பதிலாக அவருக்குச் செலவு குறைவாகவும் உங்களுக்குப் பயன் அதிகமாகவும் இருப்பவற்றைக் கேளுங்கள்: முதல் இரண்டு சர்வீஸுக்கு ஆயிலும் ஃபில்டரும் அவர் பொறுப்பு, சீசனில் போன் போட்ட 24 மணி நேரத்துக்குள் வயலுக்கு ஆள், வண்டியைப் பிரிக்கும் வேலை என்றால் மூன்று நாளில் முடித்துக் கொடுப்பது. இவற்றைக் கொட்டேஷன் தாளிலேயே எழுதி முத்திரையோடு வாங்குங்கள். கேஜ் வீல் போட்டு ஓட்டுவேன் என்பதையும், எந்த வகை, எந்த அளவு என்பதையும் அதே தாளில் எழுதச் சொல்லுங்கள். பின்னால் ஆக்சில் பழுதானால் 'பொருத்தமில்லாத கருவி போட்டீர்கள்' என்று வாரண்டியை மறுப்பதற்கு அது இடம் கொடுக்காது.

தேறாவிட்டால் சேலத்தில் வாங்குங்கள், தவறில்லை. ஆனால் அந்த 20,000 ரூபாயை லாபம் என்று எடுத்துச் செலவழித்துவிடாதீர்கள். அதில் ஒரு பங்குக்கு ஃபில்டர் இரண்டு செட், ஃபேன் பெல்ட், ஹப் சீல், பி.டி.ஓ. ஷாஃப்ட் கிராஸ் வாங்கி வீட்டில் வையுங்கள். மீதியைச் சீசன் பழுதுக்கென்று ஒதுக்குங்கள். பணம் கட்டும் முன் சேசிஸ் எண்ணை வாட்ஸ்அப்பில் வாங்கி, நேரில் போகும்போது அதே வண்டிதானா என்று சரிபாருங்கள். ஆயில் அளவுகள், பேட்டரி, விளக்குகள், ஹைட்ராலிக் தூக்கு, பி.டி.ஓ. ஓட்டம் எல்லாவற்றையும் அங்கேயே பார்த்து, டெலிவரிக்கு முந்தைய சோதனைத் தாளில் கையெழுத்து வாங்குங்கள். விலைப்பட்டியல், 21, 22ஆம் படிவங்கள், தற்காலிகப் பதிவு, அன்றைய தேதியில் தொடங்கும் இன்சூரன்ஸ், கூப்பன் புத்தகம், இவை கையில் இல்லாமல் லாரியில் ஏற்றாதீர்கள். ஏற்றும்போது கயிறையோ சங்கிலியையோ ஆக்சிலில் கட்டச் சொல்லுங்கள், ஸ்டீயரிங் ராடில் கட்டினால் வளைந்துவிடும். பார்க்கிங் பிரேக் போட்டு, சக்கரத்துக்கு மரக்கட்டை வைத்து, பானெட்டைத் துணிக் கயிற்றால் சுற்றிக் கட்ட வேண்டும். காற்றில் திறந்துகொண்டால் கீலோடு பிய்ந்துவிடும்.

வீட்டுக்கு வந்த வாரத்திலேயே கம்பெனியின் இலவச அழைப்பு எண்ணுக்குப் பேசி, சேசிஸ் எண்ணைச் சொல்லி, வாரண்டி எந்தத் தேதியில் தொடங்கியிருக்கிறது, எந்த முகவரி பதிவாகியிருக்கிறது, சர்வீஸுக்கு எந்த டீலரை ஒதுக்கியிருக்கிறார்கள் என்று கேளுங்கள். பிறகு அந்த டீலரிடம் நேரில் போய், வேறிடத்தில் வாங்கியதை மறைக்காமல் சொல்லி, முதல் சர்வீஸுக்கு மே மாதத்திலேயே ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். அவருக்கும் அது வேலை இல்லாத மாதம், நிதானமாகப் பார்த்துக் கொடுப்பார். ஆயில், ஃபில்டர், ஸ்பேர் எல்லாம் அவரிடமே வாங்குங்கள்; வெளிக்கடையில் ஐம்பது ரூபாய் குறைவு என்று போகாதீர்கள்.

வண்டியை எங்கே வாங்கினாலும் சரி, 50 மணி சர்வீஸ் முடிந்து கூப்பன் புத்தகத்தில் முத்திரை விழுந்த பிறகே கேஜ் வீலை மாட்டுங்கள்.